மிக்காயெல் ழான்: அகதிச் சிறுமி, செய்தியாளர், கனடாவின் கவர்னர் ஜெனரல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 செப்டம்பர் 27 முதல் 2010 அக்டோபர் 1 வரை கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் மிக்காயெல் ழான். ஹைட்டியில் பிறந்து, சர்வாதிகாரத்துக்குத் தப்பிக் குடும்பத்தோடு ஓடி வந்தவர். பதினேழு ஆண்டுகள் தொலைக்காட்சியில் கேள்வி கேட்டுப் பிழைத்தவர். அப்படிப்பட்டவர், வாயைத் திறந்தாலே விவகாரமாகிவிடும் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எனக்கு இவர் கதையில் சுவாரசியமே அதுதான். அதனால் கீழே சில பதில்கள் நீளும், சில சட்டென்று முடிந்துவிடும்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

மிக்காயெல் ழான். நம் சிறுபத்திரிகைகளில் பிரெஞ்சுக்காரர்களின் பெயரை எழுதும்போது வருமே, அதே 'ழான்'. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஜீன்' என்று படித்துவிடுகிறவர்கள் உண்டு. பிரெஞ்சில் ழான் என்பது பெரும்பாலும் ஆணின் பெயர். இவருக்கு அது குடும்பப் பெயர்.

கவர்னர் ஜெனரல் என்றால் நம் மாநில ஆளுநர் மாதிரியா?

இல்லை, கிட்டத்தட்ட இந்தியக் குடியரசுத் தலைவர் மாதிரி. ஒரு வித்தியாசம், கவர்னர் ஜெனரலுக்கும் மேலே மகுடம் ஒன்று இருக்கிறது. கனடாவின் அரசியாக அப்போது இருந்தவர் இரண்டாம் எலிசபெத். மகுடம் சூடியவர் லண்டனில் இருப்பதால் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் அவர் சார்பில் சட்டங்களுக்கு ஒப்புதல் தருவது, பிரதமருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பது, நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, கலைப்பது எல்லாம் கவர்னர் ஜெனரலின் வேலை. பெயரளவில் படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. பிரதமர் சொல்லும் பெயரை அரசரோ அரசியோ நியமிப்பார். வழக்கமாக ஐந்து ஆண்டுகள்.

இந்தப் பதவி நமக்கு அந்நியமானதல்ல. 1948 ஜூனிலிருந்து 1950 ஜனவரியில் குடியரசு ஆகும்வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் ராஜாஜி. இலங்கையில் 1972 வரை இருந்தது. அங்கே பெரியவர்களிடம் 'மகாதேசாதிபதி' என்றால் உடனே புரியும்.

குடும்பம் ஏன் ஹைட்டியை விட்டு வெளியேறியது?

ழான் பிறந்தது 1957 செப்டம்பர் 6, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில். பதினாறே நாள் கழித்து, செப்டம்பர் 22 அன்று நடந்த தேர்தலில் பிரான்சுவா டுவாலியே ஜெயித்தார். அவர் ஒரு மருத்துவர். கிராமங்களில் தோல்நோய் ஒழிப்பு வேலை பார்த்து நல்ல பெயர் எடுத்ததால் மக்கள் 'பாப்பா டாக்' என்றார்கள், டாக்டர் அப்பா என்கிற மாதிரி. இந்த டாக்டர் அப்பா 1964-ல் தன்னை ஆயுள்கால ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டார்.

அவருடைய அடியாள் படைக்கு மக்கள் வைத்த பெயர் 'தொந்தோன் மக்கூத்'. ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழிக் கதைகளில், சேட்டை செய்யும் பிள்ளைகளைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற மாமாவுக்கு அந்தப் பெயர். நம் ஊர்ப் பிள்ளைபிடிக்கிறவன்தான். அங்கே அவன் நிஜமாகவே வந்தான், துப்பாக்கியோடு, ராத்திரியில். தூக்கிக்கொண்டு போனது பெரியவர்களை.

ழானின் தந்தை ஒரு பள்ளியில் தலைமையாசிரியர், தத்துவம் படித்தவர். பள்ளிகளில் பிள்ளைகள் டுவாலியேவுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்ததால், மகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1965-ல் தந்தையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். மகளுக்கு அப்போது ஏழெட்டு வயது. தந்தை 1967-ல் கனடாவுக்குத் தப்பினார். அடுத்த ஆண்டு தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள்.

கனடாவில் எங்கே குடியேறினார்கள்?

பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் தெட்ஃபோர்டு மைன்ஸ். ஆஸ்பெஸ்டாஸ் தோண்டி எடுக்கும் சுரங்க ஊர். கரீபியன் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு, பனியும் கல்தூசியுமான ஊர். அங்கே தாய் தந்தையின் திருமணம் முறிந்தது. தாய் மகள்களைக் கூட்டிக்கொண்டு மான்ட்ரியலுக்குப் போய், ஒரு தரைக்கீழ் வீட்டில் குடியிருந்து, மனநல மருத்துவமனையில் இரவுநேர உதவியாளராக வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

எத்தனை மொழிகள் தெரியும்?

பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிய மொழி, இத்தாலிய மொழி, ஹைட்டியக் கிரியோல் ஆகிய ஐந்தும் சரளமாகப் பேசுவார். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய, ஸ்பானிய இலக்கியம் படித்து, ஒப்பிலக்கியத்தில் முதுகலை முடித்து, அங்கேயே கொஞ்ச காலம் இத்தாலியம் கற்பித்தார். இத்தாலியிலும் போய்ப் படித்திருக்கிறார்: பெருஜியா, ஃபுளோரன்ஸ், மிலான். இந்த ஐந்தில் பின்னாளில் எது மிகவும் கைகொடுத்தது என்று கேட்டால், கிரியோல் என்றுதான் சொல்வேன். காரணம் பூகம்பம் பற்றிய பதிலில் வரும்.

நேராகத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டாரா?

இல்லை. நடுவில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன, பலரும் அதைத் தாண்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். 1979 முதல் 1987 வரை, படித்துக்கொண்டே, அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறிய பெண்களுக்கான காப்பகங்களில் வேலை செய்தார். கியூபெக் முழுக்க அப்படிப்பட்ட காப்பகங்களின் வலைப்பின்னல் உருவானதில் இவர் பங்கு உண்டு. பிற்காலத்தில் இவர் நேர்காணல்களைப் பார்த்தவர்கள் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமையைப் பாராட்டினார்கள். அந்தப் பொறுமை ஸ்டுடியோவில் பழகியதாக எனக்குத் தோன்றவில்லை.

1986-ல் டுவாலியேவின் மகன் ஆட்சியும் கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஹைட்டித் தேர்தல் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்காக ஆய்வாளராகவும் பேட்டி எடுப்பவராகவும் ஊருக்குப் போனார். அதைப் பார்த்த ரேடியோ-கனடா, அதாவது அரசு ஒலிபரப்பு நிறுவனத்தின் பிரெஞ்சுப் பிரிவு, 1988-ல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கனடாவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சிச் செய்தியில் கறுப்பினத்தவர் முகமே இல்லாத காலம் அது.

அப்புறம் படிப்படியாக ஏற்றம்தான். 1995-லிருந்து 24 மணிநேரச் செய்தி அலைவரிசையில் தொகுப்பாளர். 1999-லிருந்து ஆங்கில அலைவரிசையிலும் ஆவணப்பட நிகழ்ச்சிகளை வழங்கினார். 2004-ல் தன் பெயரிலேயே ஒரு நேர்காணல் நிகழ்ச்சி. பிரெஞ்சு பேசுகிறவர்களும் ஆங்கிலம் பேசுகிறவர்களும் ஒரே முகத்தைத் தெரிந்து வைத்திருப்பது கனடாவில் அபூர்வம்.

அந்தப் பதவி எப்படிக் கிடைத்தது? எதிர்ப்பே இல்லையா?

2005 ஆகஸ்ட் 4 அன்று பிரதமர் பால் மார்ட்டின் பெயரை அறிவித்தார். முதல் கறுப்பினக் கவர்னர் ஜெனரல், பெண்களில் மூன்றாமவர். முதல் வாரம் ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரமே பிரச்சினை கிளம்பியது.

இவர் கணவர் ழான்-தானியேல் லஃபோன் பிரான்சில் பிறந்த ஆவணப்பட இயக்குநர். அவர் முன்பு எடுத்த படம் ஒன்றில், கியூபெக் தனிநாடு கேட்டவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து 'சுதந்திரத்துக்காக' என்று கோப்பையைத் தூக்கும் காட்சி இருக்கிறது. மேசையில் ழானும் இருக்கிறார். கனடாவின் ஒற்றுமைக்குச் சின்னமாக இருக்க வேண்டியவர் பிரிவினைக்கு மது அருந்துவதா என்று கூச்சல். தானும் கணவரும் எந்தக் கட்சியிலும் பிரிவினை இயக்கத்திலும் இருந்ததில்லை என்று ஆகஸ்ட் 17 அன்று அறிக்கை விட்டார். திருமணத்தால் கிடைத்த பிரெஞ்சுக் குடியுரிமையையும் பதவியேற்புக்கு முன்பே விட்டுக்கொடுத்தார்.

என் கருத்து: ஓர் ஆவணப்படத்தில் நடந்த மேசைப் பேச்சை வைத்து ஒருவரின் நாட்டுப்பற்றை அளந்தது அபத்தம். ஆனால் 1995-ல் தனிநாட்டு வாக்கெடுப்பு ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டிய வித்தியாசத்தில் தோற்று, பத்தே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். புண் ஆறவில்லை.

'தனிமைகளை உடைப்போம்' என்று அவர் சொன்னது எதைப் பற்றி?

கனடாவில் ஆங்கிலம் பேசுகிறவர்களும் பிரெஞ்சு பேசுகிறவர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டே முகம் பார்க்காமல் வாழ்கிறார்கள் என்பதை 'இரண்டு தனிமைகள்' என்று சொல்வது வழக்கம். அந்தக் காலம் முடிந்துவிட்டது என்றார் பதவியேற்பு உரையில். தன் மரபுச் சின்னத்திலும் தனிமைகளை உடைப்பது என்ற பொருளில் பிரெஞ்சு வாசகத்தையே பொறித்தார். அந்தச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவை சிங்கமும் குதிரையும் அல்ல, ஹைட்டி நாட்டார் நம்பிக்கையில் வரும் 'சிம்பி' என்னும் நீர்த் தெய்வங்கள் இரண்டு. கூடவே ஒரு பனைமரம், ஒரு பைன் மரம்.

2008 டிசம்பரில் என்ன நடந்தது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 14 தேர்தலில் பிரதமர் ஸ்டீவன் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 308 இடங்களில் 143 கிடைத்தன. பெரும்பான்மை இல்லை, சிறுபான்மை அரசு. உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்த நேரம். நவம்பர் 27 அன்று நிதியமைச்சர் ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் மந்தத்தைச் சமாளிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் கட்சிகளுக்கு வாங்கிய ஒவ்வொரு வாக்குக்கும் ஆண்டுதோறும் கிடைத்துவந்த கிட்டத்தட்ட 2 டாலர் அரசு உதவியை நிறுத்தும் திட்டம் இருந்தது. அந்தப் பணத்தையே நம்பியிருந்த எதிர்க்கட்சிகளின் அடிமடியில் கை வைத்த மாதிரி ஆகிவிட்டது.

லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் டிசம்பர் 1 அன்று கூட்டணி ஒப்பந்தம் போட்டன. கியூபெக் தனிநாட்டுக் கட்சியான பிளாக் கியூபெக்வா வெளியிலிருந்து ஆதரவு தரும் என்றது. மூன்றையும் கூட்டினால் 163. டிசம்பர் 8-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு வந்தால் அரசு கவிழ்வது உறுதி. ஹார்ப்பருக்கு இருந்த ஒரே வழி, வாக்கெடுப்புக்கு முன்னால் நாடாளுமன்றத்தையே ஒத்திவைக்கச் சொல்லிக் கவர்னர் ஜெனரலிடம் போவது.

ழான் அப்போது அரசு முறைப் பயணமாக மத்திய ஐரோப்பாவில் இருந்தார். பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார். டிசம்பர் 4 காலை ஹார்ப்பர் அவருடைய மாளிகையான ரிடோ ஹாலுக்கு வந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட சந்திப்பு ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும். அன்று இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வெளியே கொட்டும் குளிரில் கேமராக்கள் காத்துக்கிடந்தன. கடைசியில் ஹார்ப்பர் வெளியே வந்து ஒத்திவைப்புக்கு அனுமதி கிடைத்ததாகச் சொன்னார்: ஜனவரி 26-ல் நாடாளுமன்றம் கூடும், மறுநாள் பட்ஜெட்.

அதற்குள் நிலவரம் மாறிவிட்டது. லிபரல் தலைவர் ஸ்டெஃபான் டியோன் விலகினார், புதிதாக வந்த மைக்கேல் இக்னாட்டியெஃப் பட்ஜெட்டை ஆதரித்தார், கூட்டணி கரைந்தது.

அவர் செய்தது சரியா?

அரசியல் சட்ட அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். பிரதமர் சொல்லைக் கேட்பதுதான் மரபு, அதற்குள் பொதுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒரு தடவை அவர்மீது நம்பிக்கையும் காட்டியிருந்தது என்பது ஒரு தரப்பின் வாதம். தோற்கப்போகிற வாக்கெடுப்பிலிருந்து ஓடி ஒளிய ஒரு பிரதமருக்குக் கதவைத் திறந்து விட்டாரே என்பது இன்னொரு தரப்பின் வாதம். மறுத்திருந்தாலும் முன்னுதாரணம் என்று சொல்ல 1926-தான் இருந்தது. அந்த ஆண்டு கவர்னர் ஜெனரலாக இருந்த பைங் பிரபு, பிரதமர் மெக்கென்ஸி கிங் கேட்டும் நாடாளுமன்றத்தைக் கலைக்க மறுத்தார். அடுத்து வந்த தேர்தலில் கிங்தான் ஜெயித்தார்.

பதவி முடியும் சமயத்தில் ஒரு பேட்டியில் ழானே இதைப் பற்றிப் பேசினார். காத்திருக்க வைத்தது பரபரப்புக்காக இல்லை, இது யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்பதை மக்கள் உணர வேண்டும் என்பதற்காக என்றார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. விளக்கம் சொல்லவோ அறிக்கை விடவோ முடியாதவரிடம் மிச்சம் இருந்தது கடிகாரம் ஒன்றுதான்.

உறுத்துவது அடுத்த ஆண்டு நடந்தது. 2009 டிசம்பர் 30 அன்று ஹார்ப்பர் மறுபடியும் ஒத்திவைப்புக் கேட்டார். இந்தத் தடவை நேரில் கூட வரவில்லை, தொலைபேசியில். ஆப்கானிஸ்தானில் கனடியப் படை பிடித்தவர்களை அந்நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்த விவகாரத்தில் அரசை எதிர்க்கட்சிகள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். அனுமதி கிடைத்தது. முதல் தடவை திறந்த கதவு இரண்டாம் தடவை தானாகவே திறந்துகொண்டது என்று விமர்சகர்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

சீல் இதயத்தைப் பச்சையாகத் தின்றாராமே?

ஆமாம். 2009 மே மாதம், வட துருவப் பக்கம் நூனவுட் பிரதேசத்தின் ராங்கின் இன்லெட் ஊரில். அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் விருந்துக்காக இரண்டு சீல்களைக் கிடத்தியிருந்தார்கள். ழான் மண்டியிட்டு, 'உலு' என்னும் பிறைவடிவக் கத்தியால் தோலைக் கிழித்து, இதயத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சுஷி மாதிரி இருக்கிறது என்றார்.

மூன்று வாரம் முன்னால்தான் ஐரோப்பிய நாடாளுமன்றம் சீல் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்ய வாக்களித்திருந்தது. இனுயிட் வேட்டைக்கு விலக்கு உண்டு என்றாலும், சந்தையே செத்துப்போனால் விலக்கு எதற்கு என்பது அவர்கள் ஆதங்கம். இது ஐரோப்பாவுக்கான பதிலா என்று நிருபர்கள் கேட்டபோது, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். விலங்குரிமை அமைப்புகள் கொதித்தன. வெளிப்படையாக ஒரு வாக்கியம் கூடச் சொல்லாமல் ஒரு பக்கம் நிற்க முடியும் என்பதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் இது.

'நான்தான் அரச தலைவர்' என்று சொல்லி மாட்டிக்கொண்டாரா?

2009 அக்டோபரில் பாரிஸில், யுனெஸ்கோ உரையில், கனடாவின் அரச தலைவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அரச தலைவர் அரசியே என்று பிரதமர் அலுவலகம் பகிரங்கமாகத் திருத்தியது. சட்டப்படி அவர்கள் சொன்னதுதான் சரி.

2010 பூகம்பத்தின்போது அவர் பங்கு என்ன?

ஜனவரி 12 மாலை ஹைட்டியில் 7.0 அளவு பூகம்பம். போர்ட்-ஓ-பிரின்ஸ் தரைமட்டமானது. அவருடைய நெடுநாள் தோழி, பெண்ணுரிமைப் போராளி மகாலி மார்செலின் இடிபாடுகளில் இறந்தார். அதே நாட்டிலிருந்துதான் ழான் தன் மகளையும் தத்தெடுத்திருந்தார்.

மறுநாள் கேமரா முன் வந்தார். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அரசு சார்பில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். அப்புறம் கிரியோலுக்கு மாறினார், குரல் உடைந்தது, அழுதார். தைரியத்தை விடாதீர்கள் என்பதுதான் சாரம். படித்த ஹைட்டியர்கள் மேடையில் பெரும்பாலும் பிரெஞ்சுதான் பேசுவார்கள். கிரியோல் அடுப்படியின், சந்தையின் மொழி. வேறொரு நாட்டின் அரசு மேடையிலிருந்து அந்த மொழி வந்தது என்பதை ஹைட்டிக்காரர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மார்ச்சில் நேரிலேயே போனார். 2006-ல் அதிபர் பிரெவாலின் பதவியேற்புக்கு அரசு விருந்தினராகப் போயிருந்த அதே நகரத்தில் இப்போது கூடாரங்கள். பதவி முடிந்ததும் யுனெஸ்கோவின் ஹைட்டிக்கான சிறப்புத் தூதரானார்.

அகதியாக வந்து இந்தப் பதவிக்கு வந்தவர் இவர் ஒருவர்தானா?

இல்லை. இவருக்கு நேர் முன்னால் இருந்த ஏட்ரியன் கிளார்க்சனும் அகதிதான். 1939-ல் ஹாங்காங்கில் பிறந்தவர், ஜப்பானியப் படையெடுப்புக்குப் பின் 1942-ல் மூன்று வயதில் குடும்பத்தோடு கனடா வந்தவர், அவரும் பல ஆண்டுகள் அரசுத் தொலைக்காட்சியில் இருந்தவர். முதல் பெண் கவர்னர் ஜெனரல் ழான் சோவேயும் பத்திரிகையாளர்தான். பெயரில் இருக்கும் 'ழான்' தற்செயல்.

பிறகு என்ன ஆனார்?

2014 நவம்பரில் டாக்கர் மாநாட்டில், பிரெஞ்சு பேசும் நாடுகளின் சர்வதேச அமைப்புக்குப் பொதுச் செயலாளராகத் தேர்வானார். அந்த இடத்தில் முதல் பெண்; ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்த முதல் ஆளும் அவரே. ஆனால் பாரிஸ் வீட்டைப் புதுப்பிக்க அரை மில்லியன் கனடிய டாலர் செலவானதாகச் செய்தி வந்து, செலவுக்கணக்கு விவகாரமானது. ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்டவரிடம் நிருபர்கள் ரசீது கேட்டார்கள். 2018 அக்டோபரில், அடுத்த பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் யெரெவான் மாநாட்டுக்கு முன் கனடாவும் கியூபெக்கும் ஆதரவை விலக்கிக்கொண்டன, பிரான்ஸ் ஏற்கெனவே போட்டி வேட்பாளரான ருவாண்டாவின் லூயிஸ் முஷிகிவாபோ பக்கம் சாய்ந்திருந்தது. ழான் போட்டியிலிருந்து விலகவில்லை. கடைசிவரை நின்று தோற்றார்.